கை: தெரியவில்லை

ஒரு கோட்டைப் பார்த்து, அதை இழுத்த கை இன்னாருடையது என்று சொல்லிவிட முடியுமா? எனக்குத் தெரியாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் துணியையும் சாயத்தையும் சோதித்துச் சான்று எழுதி வருகிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. நீங்கள் முடியும் என்று சொன்னவர். ஒரு பிற்பகலில் ஒரே ஒரு விளக்கைப் போட்டு, உங்கள் கண்ணை நம்ப வேண்டாம் என்று உங்களிடம் சொன்னவள் நான்.

இன்று மதியம் ஆய்வகத்துக்கு ஒரு கூரியர் வந்தது. குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன்களை மும்மூன்றாக அடுக்கி, உள்ளே ஓர் அட்டை வைத்து மடித்து அனுப்பியிருக்கிறார்கள். கடையில் பிரித்துப் பார்த்தால் அட்டை திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து புகார். அட்டைகளையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். என்னிடம் வேலை பார்க்கும் கவிதா ஓர் அட்டையை லைட் பாக்ஸில் வைத்தாள். அது உங்களுக்குத் தெரிந்த பெட்டிதான். உட்புறம் சாம்பல் வண்ணம் பூசியது. பகல் வெளிச்சத்தில் ஒரு நிறம் எப்படித் தெரியும், கடை விளக்கில் எப்படித் தெரியும் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கானது. கடைசிப் பொத்தான் புற ஊதா விளக்கு. துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சாயப்பட்டறையில் ஏற்றுகிற ஒயிட்னர் எங்கே ஒட்டியிருந்தாலும் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும்.

அட்டை ஒளிர்ந்தது. வெறுமனே ஒளிரவில்லை. பனியன் துணியின் பின்னல் கோடுகள், மேலிருந்து கீழாக, சன்னமான மழை போல அட்டையில் பதிந்திருந்தன.

"ஏனுங்க மேடம், அட்டைக்குப் போயி எவனுங்க ஒயிட்னர் போட்டான்?" என்றாள் கவிதா.

"யாரும் போடல கண்ணு. துணியைச் சரியா அலசல. ஈரம் காயறதுக்கு முன்னாலயே மடிச்சும் போட்டாங்க. துணில மிச்சமிருந்தது ஈரத்தோட சேந்து அட்டைல ஏறியிருக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. துணியிலிருந்து காகிதத்துக்கு.

"என்னாச்சுங்க மேடம்?"

"லைட்ட ஆஃப் பண்ணு" என்றேன். பிறகு மாலை வரை நான் எந்த வேலையும் பார்க்கவில்லை. நீங்கள் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

*

உங்களை முதலில் பார்த்தது மண்ணரையில், அந்தப் பிரிண்டிங் யூனிட்டின் மாடி அறையில். டீ சர்ட்டில் அச்சிட்ட கரடிப் பொம்மை மூன்றாவது துவைப்பில் உரிந்துபோனதால் சான்று தர மறுத்திருந்தேன். அதைப் பற்றிப் பேச வரச் சொல்லியிருந்தார்கள். யூனிட் முதலாளி என்னை மாடிக்குக் கூட்டிப் போகும்போதே தொடங்கிவிட்டார்.

"ஏனுங்க மேடம், எத்தன தடவைங்க தொவச்சுப் பாப்பீங்க? போட்டுக்கிட்டுத் திரியறவனே அத்தன தடவ தொவைக்க மாட்டானுங்க."

மூலையில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசைமேல் குனிந்திருந்த பெண் நிமிராமலே சொன்னார். "மேடம் சாமியவே தண்ணில முக்கிச் சாயம் போகுதான்னு பாப்பாக போல."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பெண் நீங்கள்தான். அப்போது பிலிமில் இருந்த ஊசித்துளைகளைக் கறுப்பு மையால் அடைத்துக்கொண்டிருந்தீர்கள். அதுதான் உங்கள் வேலை. துணியில் அச்சாவதற்கு முன்னால் படத்தின் பிலிமைச் சுத்தம் செய்வது. உங்கள் வலது கைச் சுண்டுவிரல் நுனியில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. தூரிகையைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

கரடியின் காதைக் காட்டி என்னிடம் கேட்டீர்கள். "இந்தக் கோட்டப் பாத்தா ஒங்களுக்கு என்ன தோணுது?"

ஒன்றும் தோன்றவில்லை என்றேன்.

"பயந்திருக்கு. கம்ப்யூட்டர்ல எவனோ பாத்துப் பாத்து இழுத்திருக்கான். எங்க திரும்பணும்னு தேடித் தேடிப் போகுது பாருங்க. தானாப் போட்டவன் கோடு போற போக்குல திரும்பும்."

கோடு பயப்படும் என்பதை அதற்கு முன் யாரும் எனக்குச் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது வேதியியல். அளக்க முடியாத எதையும் சந்தேகப்படும்படிதான் பழகியிருந்தேன். ஆனாலும் அன்று அலுவலகத்துக்குத் திரும்பும்போது, பஸ்ஸில் ஒட்டியிருந்த விளம்பரத்திலும் கடைப் பலகையிலும் பயந்த கோடுகளைத் தேடிக்கொண்டே வந்தேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குப் பல மாதங்கள் கழித்து. நீங்களும் உங்கள் மகள் எஸ்தரும் மட்டும் இருந்த லைன் வீடு. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தீர்கள். ஒவ்வொன்றும் ஓர் அட்டைமேல் வைத்து, பழைய சேலைத் துணியால் சுற்றி வைத்த படக்கதைப் பக்கங்கள். அச்சுப் பக்கங்கள் அல்ல. ஓவியர் கையால் வரைந்து அச்சகத்துக்குக் கொடுத்த மூலங்கள். எண்ணவில்லை, நாற்பதுக்குக் குறையாது.

நான் இதே ஊர் ராயபுரத்தில், படக்கதை படித்தால் கன்னத்தில் விழும் வீட்டில் வளர்ந்தவள். பள்ளிப் பையில் ஒளித்து எடுத்துப்போய்ப் படித்ததெல்லாம் உள்ளங்கை அகலத்துக் கட்டங்கள், சாணித்தாள், கலங்கிய மை. அதே கட்டங்கள் உங்கள் பெட்டியில் முழங்கை நீளத்துக்கு விரிந்தன. கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை. தூரிகை நின்ற இடத்தில் மை தேங்கி மினுங்கியது, ஓடிய இடத்தில் மெலிந்தது. அச்சகக் கேமராவுக்குத் தெரியாத வெளிர்நீலப் பென்சில் கோடுகள் அடியில் அப்படியே இருந்தன. பேச்சை அச்சடித்து வெட்டி ஒட்டிய குமிழிகளில் கோந்து பழுப்பேறியிருந்தது. ஒரு பக்கத்தின் ஓரத்தில், நிப்பை ஓட்டிப் பார்ப்பதற்காக யாரோ ஒரு குட்டிக் கிளியை வரைந்திருந்தார். அச்சில் ஒருபோதும் வராத கிளி.

இன்னொரு பக்கத்தில் வில்லன் துப்பாக்கி நீட்டுகிறான். அவன் கைக்கு மேல் வெள்ளை பூசித் திருத்தியிருந்தது. பக்கத்தைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினீர்கள். வெள்ளைக்கு அடியில் இன்னொரு கை, துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி தெரிந்தது.

"சுடலாமா வேண்டாமான்னு வில்லன் யோசிச்சிருக்கான்" என்றேன்.

"வில்லன் எங்க யோசிச்சான்? வரஞ்சவருல்லா யோசிச்சாரு" என்றீர்கள்.

இந்தப் பக்கங்களையெல்லாம் அச்சானதும் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். தீப்பெட்டிக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். மழைக்கு ஜன்னலில் செருகியிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய பேப்பர்க் கடைகளிலும், ஓய்வு பெற்ற பிழைதிருத்துபவர் ஒருவரின் பரணிலும் தேடி எடுத்து வந்திருந்தீர்கள். ஒவ்வொன்றின் அடியிலும், பக்கத்துக்கும் அட்டைக்கும் நடுவில், ஒரு துண்டுச் சீட்டு. எங்கே கிடைத்தது என்பது முதல் வரி. அடுத்த வரி எப்போதும் ஒன்றேதான். "கை:" என்று எழுதி, வரைந்தவர் பெயர். படக்கதையில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லை. நீங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்தவை சில. முடிவு செய்ய முடியாதவை பல. அவற்றில் "கை: தெரியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சொல்லுக்காகத்தான் உங்களை நான் மதிக்கத் தொடங்கினேன். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுகிறவர்களை எங்கள் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

எஸ்தர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னாள். "ஆன்ட்டி, எங்கம்மா இதயெல்லாம் பாக்க மாட்டாங்க. தேடுவாங்க."

என்ன தேடுகிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். உங்கள் அண்ணனை என்றீர்கள்.

*

அண்ணன் பத்தொன்பது வயதில் ஊர் அச்சகம் ஒன்றுக்குப் படக்கதை வரையப் போனார். இருபத்து மூன்றில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். நான்கு ஆண்டுகள் வரைந்தவற்றில் ஒரு பக்கம்கூட வீட்டில் தங்கவில்லை. வீட்டில் மாடலுக்கு வேறு யாரும் இல்லாததால் உங்களைத்தான் நிற்க வைப்பாராம். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரம், அசையாமல்.

"கை கடுக்கும். எறக்குனா வையும். 'ஏ பிள்ள, வெளக்கு அணைஞ்சா கத முடிஞ்சு போகும், தூக்கிப் பிடி'ன்னு சொல்லும்."

அந்தக் கதை வந்த அச்சுப் புத்தகம் உங்களிடம் இருந்தது. அட்டை இல்லாமல், ஓரம் கரையான் அரித்து. அதில் ஒரு பெண் கிணற்றுப் படியில் விளக்கைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள். விளக்கைப் பிடித்த கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது.

நான் கேட்டேன். "பொஸ்தகத்துலயே இருக்குதுங்களே அக்கா. அது பத்தாதுங்களா?"

"அச்சுல எங்கண்ணன் கை படல மேடம். மிசினு கைதான் பட்டிருக்கு."

அந்தப் பதில் எனக்கு அன்று மிகையாகத் தோன்றியது. ஆனால் அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு பொருள் கொண்டுவந்தேன். சேலைத் துணி பழசு, சாயம் இறங்கும், பக்கங்களில் கறை பிடிக்கும் என்று என் படிப்புக்குத் தெரிந்ததைச் சொல்லி, எங்கள் ஆய்வகத்தில் மீந்த ஒரு கஜம் வெள்ளைப் பனியன் துணி. புத்தம் புதியது. கையில் எடுத்தால் வழுக்கும். சாயமே இல்லாத துணி, இது ஒன்றும் செய்யாது என்றேன். நீங்கள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்துப் பெட்டியின் மேல்தட்டில் வைத்தீர்கள்.

"இது நல்லதுக்கு ஆகும். அண்ணன் பக்கம் கெடைக்கிறன்னைக்கு இதுல சுத்துறேன்."

கிடைத்தது. எனக்கு உடனே சொல்லவில்லை. ஆடி மாதம் ஊருக்குப் போனபோது வாங்கி வந்து, ஐப்பசி மழை முழுக்க யாரிடமும் காட்டாமல் வைத்திருந்து, கார்த்திகை கடைசியில் ஒரு பிற்பகல் ஆய்வகத்துக்கு எடுத்து வந்தீர்கள். அட்டையோடு சேர்த்து, என் வெள்ளைத் துணியில் சுற்றி. வேறு இரண்டு பக்கங்களும் கொண்டுவந்திருந்தீர்கள், சேலைத் துணியில்.

கிணற்றுப் படி. விளக்கு. வளைந்த சுண்டுவிரல். அச்சில் பார்த்த அதே கட்டம், மூன்று மடங்கு பெரிதாக.

அப்போது பழைய படக்கதைகளைப் புதுத் தாளில் பார்த்து வரைந்து, டீத்தண்ணீர் தடவிப் பழுப்பேற்றி, மூலம் என்று விற்கிறவர்கள் கிளம்பியிருந்தார்கள். பெங்களூரில் உங்களுக்குத் தெரிந்த சேகரிப்பாளர் ஒருவர் அப்படி ஏமாந்திருந்தார். விரல் வளைவு எதையும் நிரூபிக்காது. அச்சைப் பார்த்து வரைகிறவன் வளைவையும் சேர்த்துத்தான் வரைவான். இதை என்னைவிட முன்னால் நீங்களே சொன்னீர்கள்.

"எனக்கு இது அண்ணன்தான். ஆனா நான் ஆசப்பட்டுப் பாக்கேன்ல. ஆசப்பட்ட கண்ணு சும்மா இருக்காது. நீங்க ஒங்க வெளக்கப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சீட்டு எழுதுறேன்."

நான் முதலில் கண்ணால்தான் பார்த்தேன். நீங்கள் பழக்கிய கண். விளக்கிலிருந்து படிகளில் விழும் வெளிச்சத்தைத் தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்திருந்தார், யார் இழுத்திருந்தாலும். கோடு எங்கும் நிற்கவில்லை. சேலைத் தலைப்பின் மடிப்பில் திரும்பும்போதுகூடத் தேடவில்லை. அது பயமில்லாத கோடு என்று எனக்குத் தெரிந்தது. இதை உங்களிடம் நான் அன்று சொல்லவில்லை. இன்று எழுதுகிறேன்.

பிறகு மூன்று பக்கங்களையும் அட்டையோடு பெட்டிக்குள் வைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டேன். மற்ற இரண்டும் செத்த மண் நிறத்தில் கிடந்தன. உங்கள் அண்ணன் பக்கம் மட்டும் நீல வெள்ளையாக எரிந்தது. கிணறு, படி, விளக்கு, விரல், எல்லாம் அந்த ஒளியில் கறுப்பாக மிதந்தன.

"அக்கா, இது புதுத் தாளுங்க" என்றேன். "அந்தக் காலத்து உள்ளூர்த் தாள்ல ஒயிட்னர் இருக்காது. பாருங்க, மத்த ரெண்டும் எரியல."

நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தாளு லேசா நெளிஞ்சும் இருக்குதுங்க. டீத்தண்ணி தடவிக் காயப்போட்டா இப்படித்தான் நெளியும்."

"அது இந்த மழையில ஓதம் ஏறிருச்சு. செவரு பூரா ஓதம்" என்றீர்கள்.

ஓதம் என்றால் உங்கள் ஊரில் ஈரம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு சமாதானமாகத்தான் கேட்டேன். ஒரு தகவலாகக் கேட்கவில்லை.

"அப்ப கோடு?" என்று கேட்டீர்கள்.

"கோட்டுக்கு டெஸ்ட் இல்லீங்க அக்கா."

வேறு எந்த வாக்கியமும் என்னை இந்த அளவுக்குத் துரத்தவில்லை. அது பொய்யில்லை. அதனால்தான் இன்னும் துரத்துகிறது.

நீங்கள் குரலை மாற்றாமல், "சரி மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். வெள்ளைத் துணியை விரித்தீர்கள். முனை பறக்காமல் நான் பிடித்துக்கொண்டேன். அதே துணியில், அதே பக்கத்தை, நாம் இருவரும் சேர்ந்து சுற்றினோம்.

*

அதன் பிறகும் நீங்கள் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வந்தது. என் வீட்டுப் பொங்கலுக்கு வந்து, சுவரில் நான் மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, "சட்டம் நல்லா இருக்கு மேடம். படத்த மட்டும் எடுத்துட்டு மாட்டுங்க" என்றீர்கள். ஆனால் தகரப் பெட்டியை என் முன்னால் மறுபடி திறக்கவில்லை. ஊருக்குத் தேடப் போவதும் நின்றுபோயிற்று. நான் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் நாகரிகம் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

சிறுநீரகம் கெட்டு நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, படுக்கைக் காலடியில் காய்ச்சல் அட்டை தொங்கியது. நர்ஸ் ஸ்கேல் வைக்காமல் புள்ளிகளை இணைத்திருந்தார். "கோட்டப் பாத்தீகளா, எப்படிப் பயந்து பயந்து போகுது" என்றீர்கள். நான் சிரித்தேன். அப்போது கேட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தை என்ன செய்தீர்கள், நான் சொன்னதை நம்பினீர்களா என்று. ஆறு நாள் கழித்துக் கல்லறைத் தோட்டத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. மனோதத்துவம் பேசுவது என் வழக்கமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு முறை வெள்ளைத் துணியை வைத்து அந்தப் பொத்தானை அழுத்தும்போதும், துணி ஒளிர்வதற்கு முந்திய ஒரு நொடி இருட்டில், படியில் ஒரு பெண் விளக்கோடு இறங்குவாள். ஒருமுறை கவிதா, "மேடம், ஏனுங்க பட்டனைப் போட்டுட்டுக் கண்ண மூடிக்கறீங்க?" என்று கேட்டாள். கண் வலி என்றேன்.

இன்று அந்த அட்டையைப் பார்த்த பிறகு கணக்கு எளிதாக இருக்கிறது. மற்ற பக்கங்கள் சேலைத் துணியில் இருந்தன. இது மட்டும் என் துணியில் இருந்தது. நான் கொடுத்த துணி ஃபுல் ஒயிட். ஒயிட்னர் தோய்ந்தது. சோதனைக்கென்று அலசாமல் எடுத்து வைத்த துண்டு. அதுவும் இப்போது நினைவுக்கு வருகிறது. ஒரு மழைக்காலம் முழுக்க ஓதம் ஏறிய சுவரோரம் அது அந்தப் பக்கத்தைத் தழுவிக்கொண்டு கிடந்தது. சாயம் இல்லாத துணி ஒன்றும் செய்யாது என்று சொன்னவள் வேதியியல் படித்தவள். வாசலில் கோலம் போடுகிற எந்தப் பெண்ணும் ஈரத் துணியைக் காகிதத்தோடு சேர்த்து வைக்க மாட்டாள்.

இன்னொன்று. அன்று நான் பக்கத்தை அட்டையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் அட்டையில் பட்டிருந்தது, துணியில் படவில்லை. தாளே புதிது என்றால் பின்பக்கமும் எரிய வேண்டும். துணியிலிருந்து ஏறியது என்றால் பின்பக்கம் இருண்டு கிடக்கும். திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சந்தேகப்படுவதே என் தொழில் என்று பெயர் எடுத்தவள், என் விளக்கைச் சந்தேகப்படவில்லை.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. அது போகவில்லை. சான்றிதழ்களில் என் கையெழுத்தைப் பார்க்கிறேன். அந்தப் பிற்பகலுக்கு முன்னால் போட்டவை ஒரே வீச்சில் இருக்கின்றன. பின்னால் போட்டவை கடைசி எழுத்தில் திரும்புமிடத்தில் நிற்கின்றன. மை தேங்குகிறது. அளக்க முடியாது. ஆனால் தெரிகிறது.

நாளை ஞாயிறு. வீரபாண்டியில் எஸ்தர் வீட்டுக்குப் போகப் போகிறேன். பக்கம் இருக்கிறதா, கிழித்துப் போட்டீர்களா, யாருக்காவது கொடுத்தீர்களா, எதுவும் தெரியாது. இருந்தால் திருப்பிப் பார்ப்பேன்.

*

ஞாயிறு. நடந்ததை எழுதுகிறேன்.

காலை எட்டரைக்கு எஸ்தர் வீட்டில் இருந்தேன். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் தகரப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அதில் இல்லை. நான் எழுந்துவிட்டேன். "இருங்க ஆன்ட்டி" என்று உள்ளே போய், அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவையும் அதன் அடியில் கிடந்த ஒரு வெள்ளைப் பொட்டலத்தையும் கொண்டுவந்தாள். டப்பாவில் உங்கள் அண்ணனின் ஸ்டூடியோ புகைப்படமும் பள்ளிச் சான்றிதழும் இருந்தன.

"மாமா சாமானோட வச்சிருந்தாங்க. எங்கிட்டக் கூடக் காட்டுனதில்ல. இதுவா பாருங்க."

இதுதான். என் துணி.

நேற்று மாலை பக்கத்துப் பின்னல் யூனிட்டிலிருந்து, வெளுப்பும் ஏறாத, சாயமும் ஏறாத பழுப்புத் துணியை இரண்டு கஜம் எடுத்து, மூன்று முறை வெந்நீரில் அலசிக் காயவைத்திருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டு இருவரும் ஆய்வகத்துக்குப் போனோம். ஞாயிறு என்பதால் யாரும் இல்லை.

பொத்தானை அழுத்தினேன். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். முன்பக்கம் முழுக்கச் சன்னமான செங்குத்துக் கோடுகள், பின்னல் வரி வரியாக. அன்றும் இவை இருந்திருக்கும், நான் உற்றுப் பார்க்கவில்லை. மேல் ஓரத்தில், துணி எட்டாத விரற்கடை அகலம் மட்டும் மண் நிறத்தில் இருண்டிருந்தது. அட்டையிலிருந்து எடுத்துத் திருப்பினேன். பின்பக்கம் முழுவதும் இருட்டு.

அட்டைக்கும் பக்கத்துக்கும் நடுவில் சீட்டு இருந்தது. உங்கள் எழுத்து. முதல் வரியில் ஊர்ப் பெயர். இரண்டாவது வரி: "கை: தெரியவில்லை."

எஸ்தர் கேட்டாள். "அப்ப இது மாமா வரஞ்சதுதானா ஆன்ட்டி?"

"தெரியல கண்ணு. இல்லைன்னு நாஞ் சொன்னது தப்பு. அது மட்டுந்தான் தெரியும்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

சீட்டில் இப்படி எழுதிவிட்டு, அண்ணனின் புகைப்படத்தோடு எதற்கு வைத்தீர்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எஸ்தர் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "அப்ப அத எழுதுங்க. தப்புன்னு சொன்னீங்கல்ல, அத."

உங்கள் வரியை அடிக்கவில்லை. அதற்குக் கீழே எழுதினேன்: "தாளில் உள்ள ஒளிர்வு நான் கொடுத்த துணியிலிருந்து ஏறியது. புதுத் தாள் என்று நான் சொன்னது தவறு. கோட்டில் பயமில்லை. இது நான் கண்ணால் பார்த்தது." கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதினேன். கடைசி எழுத்தில் பேனா நின்றது.

எஸ்தர் பக்கத்தைப் பழுப்புத் துணியில் சுற்றினாள். வெள்ளைத் துணியை நான்காக மடித்து என் மேசைமேல் வைத்தாள். பதினொன்றே கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.